சும்மா விளையாட்டுக்கு

18 மாசி 2006, சனி

காலையில் கதவைத் தட்டிய வெள்ளைக்காரியின் கழுத்தில் அடையாள அட்டையைக் கண்டதும், வாடகைக்கு ஆள் வைத்திருப்பதைச் சோதிக்க வந்த கவுன்சில் ஆள் என்று என் மனைவி வதனி பயந்துவிட்டாள். அந்தப் பெண் வாய் திறக்கும் முன்பே, மேலறையில் வாடகைக்கு இருப்பவரைத் தன் கூடப்பிறந்த தம்பி என்று சொல்லிவிட்டாள்.

வந்தவள் உள்ளூர் வரலாற்றுச் சங்கத்து ஆளாம். நூறு வருடத்துக்கு முன் இந்த வீட்டில் ஓர் உதைபந்தாட்டக்காரன் குடியிருந்தானாம். முழங்கால் உடைந்ததும் கிளப் அவனைக் கைவிட்டதாம். நிலக்கரி மூட்டை சுமந்தே செத்தானாம். இப்போது அவன் பெயரில் எங்கள் முன்சுவரில் நினைவுப் பலகை பதிக்க அனுமதி வேண்டுமாம்.

போகிறபோக்கில், நானும் ஆடியிருக்கிறேனா என்று கேட்டாள். நான் ஆங்கிலத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். வதனி முந்திக்கொண்டு, "ஒன்லி ஃபார் ஃபன்" என்றாள்.

யாழ்ப்பாணத்தில் மாவட்ட அணிக்கு ஆடியவன் நான். என் முழங்காலும் மைதானத்தில்தான் போனது.

வந்தவள் போனபின் வதனியைக் கேட்டேன். "ஏன் அப்பிடிச் சொன்னனீர்?"

"வேற என்னத்தைச் சொல்ல? அவனுக்குச் சம்பளம் குடுத்தவங்கள். நீங்கள் பந்தடிச்சதுக்கு ஆர் தந்தது? சும்மா விளையாட்டுக்குத்தானே!"

அனுமதிக் கடிதத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். இனி தினமும் பெட்ரோல் ஷெட் ஷிப்ட் முடிந்து நொண்டிக்கொண்டு வந்து, அவன் பெயருக்குக் கீழே நின்றுதான் என் வீட்டுக் கதவைத் திறக்க வேண்டும்.