கடந்த இரண்டு வாரங்களில்

மார்ச் 4

அன்புள்ள வாலு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் மாமாவும் சௌக்கியம். நீயும் நலமென்று நினைத்துக்கொள்கிறேன். ஊரார் நோயையெல்லாம் நாள் முழுக்க விசாரிக்கிறவன், எனக்கு ஒரு வரி எழுதினால் அல்லவா தெரியும்?

கடுமையான ஆஸ்துமாவுக்கான புது ஊசி ஆராய்ச்சிக்குப் பெயர் கொடுத்தேன். நீ அங்கே நோயாளிகளிடம் கேட்டு நிரப்புகிறாயே, அதே முப்பத்திரண்டு கேள்விப் படிவம்தான் இங்கேயும். எல்லாமே "கடந்த இரண்டு வாரங்களில்" என்றுதான் ஆரம்பிக்கிறது. ஒன்று என்றால் படு மோசம், ஏழு என்றால் தொந்தரவே இல்லை. சராசரி ஐந்துக்குக் கீழே இருந்தால்தான் ஊசி. நான் ஆறு. நல்ல மார்க் வாங்கி ஃபெயிலானது வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. ஊதிப் பார்க்கும் கருவியில் என் மூச்சு பாதிகூட இல்லை, மார்க் மட்டும் எப்படி ஆறு என்கிறார் டாக்டர். இருபதாம் தேதி மறுபடி நிரப்ப வேண்டும். அதுதான் கடைசி வாய்ப்பு. போகவா வேண்டாமா என்று உள்ளே ஒரே குடைச்சல்.

உன் அக்கா

மார்ச் 9

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. மூன்று தடவை எழுதிக் கிழித்தாயிற்று.

மாடி ஏறுவதில் தொந்தரவு இல்லை என்று ஏழு போட்டிருப்பாய். கட்டிலைக் கீழே இறக்கி ஆறு வருஷமாகிறது, நீ எங்கே மாடி ஏறினாய்? பள்ளிக்கூட வேலையை விட்டாய். விசேஷங்களுக்குப் போவதை விட்டாய். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் விட்டுவிட்டு, எதிலும் சிரமமில்லை என்கிறாய். என் நோயாளிகளிலும் பாதிப் பேர் இப்படித்தான். அவர்களிடம் கேள்வியைப் படித்துவிட்டு நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும், அது விதி. உன் விஷயத்தில் முடியவில்லை. நிரப்பிய படிவம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்து அப்படியே எழுதிவிட்டுக் கிழித்துப் போடு. வெளியே தெரிந்தால் என் வேலை போய்விடும்.

உன் நெஞ்சழுத்தம் எனக்குப் புதிதல்ல. அம்மா போன அன்று எனக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை. ஏன் என்று கேட்டதற்கும் வாய் திறக்கவில்லை. அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் நீயும் போய்விடக் கூடாது அக்கா.

தம்பி

மார்ச் 21

அன்புள்ள வாலு,

நீ சொன்னபடி கிழித்துவிட்டேன், பார்த்து எழுதாமலே. மூச்சால் முடியாமல் போன ஐந்து காரியங்களை நோயாளியே சொல்ல வேண்டிய இடத்தில் தோட்ட வேலை என்று எழுதியிருக்கிறாய். நான் எப்போதடா தோட்ட வேலை செய்தேன்? வேறு யாருடைய நோயையோ எனக்குப் போட்டுவிட்டாய்.

ஆனால் அந்த மாடி விஷயம் சுருக்கென்று தைத்தது. நேற்று யோசித்து யோசித்துத்தான் எழுதினேன். நர்ஸ் இரண்டு தடவை டீ குடித்துவிட்டு வந்தாள். இடது பக்கம் ஒருக்களித்துத் தூங்குவது. விட்டு விட்டு இல்லாமல் முழுசாகச் சிரிப்பது. ஒரு பக்கத்தை உரக்க வாசிப்பது. உன் மாமாவோடு ஒரு சண்டையைக் கடைசிவரை போடுவது. பாதியில் எனக்கு இளைத்துவிடுகிறது, தான் ஜெயித்துவிட்டதாக அவர் எழுந்து போய்விடுகிறார்.

ஐந்தாவது, போனில் பேசுவது. இதை உனக்குச் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆத்திரம் ஆறவில்லை என்று எழுதிவிட்டாய், இனி மறைக்க எனக்குத் தெம்பில்லை. அம்மா போன அன்று சாயங்காலம், மருத்துவமனை வராந்தாவில் இருந்த போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டேன். எடுத்தாய். "யாரு? யாருங்க பேசறது?" என்றாய். எனக்கு இழுப்பு, ஒரு சொல் வரவில்லை. "வேற வேலை இல்லையா உங்களுக்கு?" என்று வைத்துவிட்டாய். அம்மாவுக்கு அப்போது உயிர் இருந்தது. எனக்கு மூச்சு திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. நீ வந்து கேட்டபோது சொல்லியிருந்தால் காலத்துக்கும் உன்னையே நொந்துகொண்டிருப்பாய்.

படிவத்தில் அன்றைய போனைப் பற்றி நான் எழுதியதை நர்ஸ் படித்துவிட்டு, "இது எப்ப நடந்ததும்மா?" என்றாள். மூன்று வருஷமாகிறது என்றேன். "ரெண்டு வாரத்துக்குள்ள நடந்ததுதான் எழுதணும்" என்றாள். அடித்துவிட்டு வேறொன்று எழுதினேன்.

சராசரி மூன்றே முக்கால் வந்தது. செவ்வாய்க்கிழமை முதல் ஊசி. பலன் தெரிய நாலு மாதம் ஆகுமாம். அதுவரை நான் காத்திருக்கப் போவதில்லை, ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் செய்வேன். மறுமுனையில் பேச்சு வராவிட்டாலும் கொஞ்ச நேரம் வைக்காமல் இரு.

உன் அக்கா