சத்தம் போடாத பை

ஜனவரி 9, வெள்ளி

ஜும்ஆ முடிந்து கடையைத் திறந்ததும், திருவெள்ளறைக்காரர் ஒருவர் முதுகுப்பை கேட்டு வந்தார். "ஜிப் சத்தமே வரக்கூடாது பாய். உள்ள கழுவுற மாதிரி இருக்கணும்."

ரெக்சின் உள்துணி போட்ட பச்சைப் பையை எடுத்து, ஜிப்பில் மெழுகுவத்தியும் தேய்த்துக் கொடுத்தேன். மாட்டிப் பார்த்துவிட்டு, "முயல் வேட்டைக்குப் போறோம். உங்களுக்கும் ஒரு பங்கு கொண்டாரேன்" என்றார்.

பிடிபட்டால் ஜெயில் என்று எனக்குத் தெரியும். பையைத் திருப்பி வாங்கியிருக்கலாம். நான் கேட்டதோ, "பிஸ்மி சொல்லி ஹலாலா அறுத்திருப்பீங்களா?"

"உயிரோடவே கொண்டாரேன், நீங்களே அறுத்துக்குங்க" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

புரண்டு புரண்டு படுக்கிறேன். அந்த ரெக்சின் பைக்குள் காற்று போக வழியே இல்லை.