சாம்பலைக் கிளறிப் பார்த்தவள்

அக்கா,

இன்று காலை தண்ணீரூற்றுச் சந்தையில் கருவாடு வாங்கினேன். விற்றவள் அதை ஒரு பள்ளிக்கூடச் சோதனைத் தாளில் சுற்றித் தந்தாள். ஒரு பக்கத்தில் யாரோ ஒரு பிள்ளை பிழையாகச் செய்த கணக்கு, மறுபக்கம் வெறுமை. வீட்டுக்கு வந்து கருவாட்டை எடுத்துவிட்டுத் தாளை அடுப்புக்குள் தள்ளப் போன கை நின்றுவிட்டது. முகர்ந்து பார்த்தேன். கருவாடும் கடதாசியும் கலந்த அந்த மணம் உங்கள் பைக்கு மட்டும்தான் சொந்தம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நாயாற்றுக் கருவாடு, நாங்கள் எழுதுவதற்கான தாள்கள், உங்கள் செபமாலை எல்லாம் அந்த ஒரே பைக்குள்தான் கிடக்கும். புதன்கிழமைகளில் நாங்கள் எழுதிய வாழ்க்கை முழுவதிலும் கருவாடு மணத்தது.

அந்தத் தாளின் வெறும் பக்கத்தில்தான் பொடி எழுத்தில் இதை எழுதுகிறேன். கை பழக்கத்தில் 'ஐயா' என்று தொடங்கிவிட்டது. வெட்டியிருக்கிறேன். நீங்கள் பார்த்தால் சிரிப்பீர்கள்.

நீங்கள் முதன்முதலில் என் படலைக்கு வந்த நாள் நினைவிருக்கிறது. நாங்கள் கிளிநொச்சியை விட்டு ஓடிவந்து, இங்கே தென்னங்கிடுகுக் கொட்டில் போட்டு, ஒரு மாரி மழையும் கடந்திருந்தது. நீங்களும் முல்லைத்தீவுக் கரையை விட்டு வந்தவர்தான். தலையில் கருவாட்டுக் கடகம், தோளில் அந்தப் பை.

"புதன்கிழமை பின்னேரம் பாலர் பள்ளிக்கூடக் கொட்டிலுக்கு வாங்கோ தங்கச்சி. நாலைஞ்சு பொம்பிளையள் சேர்ந்து எங்கட எங்கட கதையை எழுதப் போறம்."

"யாரு அனுப்பிச்சாங்க உங்கள?" என்றுதான் நான் கேட்டேன். உட்காரச் சொல்லவும் இல்லை.

"ஒருத்தரும் அனுப்பேல்லை. சும்மா இருக்க ஏலாமல் வந்தனான்."

நான் நம்பவில்லை. அந்தக் காலத்தில் யாரும் அனுப்பாமல் யாரும் ஒரு படலையைத் திறந்ததில்லை. நிவாரணக்காரர் அனுப்பியிருக்கலாம், கோயில் அனுப்பியிருக்கலாம், வாய்விட்டுச் சொல்ல முடியாத இடத்திலிருந்தும் வந்திருக்கலாம். அதற்கும் மேலே எனக்குப் பரம்பரையாக வந்த சந்தேகம் ஒன்று இருந்தது. நான் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். எங்கள் சனத்திடம் கதை கேட்டு வந்தவர்கள் எல்லாரும் கையில் பேனையோடு வந்தார்கள். அப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எப்போது வந்தான் என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். பிறகு, நீங்கள் இந்த நாட்டு ஆட்கள் இல்லை என்றார்கள். வாயைத் திறந்து சொன்ன கதை எதுவும் எங்களுக்கு நல்லது செய்ததில்லை. ஆனாலும் அந்தப் புதன்கிழமை வந்தேன். எழுத ஆசைப்பட்டு வரவில்லை, அக்கா. நீங்கள் யாருக்காகக் கதை பிடுங்குகிறீர்கள் என்று கண்டுபிடிக்க வந்தேன்.

முதல் நாள் கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஆளுக்கொரு தாள் தந்து, "உங்களைப் பற்றி எழுதுங்கோ" என்றீர்கள். எல்லாரும் குனிந்து மும்முரமாக எழுதினோம். கரையில் உங்கள் பக்கத்து வீட்டுக்காரியாக இருந்த பாக்கியம்தான் முதலில் எழுந்து வாசித்தாள். "கனம் ஐயா, மேற்படி முகவரியில் தற்காலிகமாக வசிக்கும் நான் மூன்று பிள்ளைகளின் தாய் என்பதையும்..." அடுத்தவளும் 'ஐயா' என்று தொடங்கினாள். நானும் அப்படித்தான். என்னுடையதில் நிவாரண அட்டை இலக்கம் வேறு இருந்தது. எங்களைப் பற்றி நாங்கள் வாழ்நாளில் எழுதியதெல்லாம் மனுதான். கூரைக்குக் கிடுகு கேட்டு ஒன்று, காணாமல் போனவனைத் தேடித் தரச் சொல்லி ஒன்று, எல்லை தாண்டி வவுனியாவுக்குப் போகப் பாஸ் கேட்டு ஒன்று. நம்மைப் பற்றி வேறு விதமாகவும் எழுதலாம் என்று எவள் கைக்கும் தெரிந்திருக்கவில்லை.

நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "ஆரடி இந்த ஐயா? இஞ்ச ஒரு ஐயாவும் இல்லை. முகட்டில ஒரு ஓணான் இருக்கு, அவ்வளவுதான். ஐயாவை வெட்டிப்போட்டு எழுதுங்கோ."

"அப்ப யாருக்குத்தாங்க எழுதறது?" என்று நான் முறைத்தேன்.

"எனக்குச் சொல்லு."

என்னை உறுத்தியதும் அதுதான். உங்களுக்கு ஏன் சொல்ல வேண்டும்?

உங்கள் கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம். எழுதியதை வாசித்து முடித்ததும் தாளை அடுப்பில் வைக்க வேண்டும், அந்த நெருப்பில் தேத்தண்ணீர் கொதிக்கும், குடித்துவிட்டுப் போகலாம். ஒருத்தியும் எதையும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. மற்றவர்கள் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணீர் குடிக்கும்போது நான் ஒரு தடியோடு அடுப்படியில் குந்தியிருந்து சாம்பலைக் கிளறிப் பார்ப்பேன். ஒரு தாளாவது எரியாமல் உங்கள் பைக்குள் போயிருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

"என்னடி, கிழங்கு சுடுறியே?" என்பீர்கள். நான் தொடர்ந்து கிளறுவேன்.

சந்தேகத்துக்குத் தீனி போடுவது போல நீங்களும் நடந்துகொண்டீர்கள். பாஸ் கொடுக்கும் இடத்துக்கு அடிக்கடி போய் வந்தீர்கள். கேட்டால் கருவாடு விற்க என்பீர்கள். கருவாடு விற்க அத்தனை நேரமா? நாங்கள் வாசித்தால் ஒரு கேள்வியும் கேட்க மாட்டீர்கள். கேட்காதவருக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும் என்று எனக்குப் பட்டது. உங்கள் கதையும் வாரத்துக்கு ஒன்றாக மாறியது. நாயாற்றில் கடல்தொழிலுக்குப் போய்த் திரும்பாத உங்கள் கணவர் ஒரு வாரம் சிரித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனார், இன்னொரு வாரம் சண்டை பிடித்துவிட்டுப் போனார். பொய்யைப் பிடித்துவிட்ட சந்தோசத்தில் கேட்டேன்.

"இதுல எதுங்க நெசம்?"

"ரெண்டும்தான். குசினிக்குள்ள சண்டை, படலையடியில சிரிப்பு. நீ கலியாணம் கட்டினனீதானே?"

பாக்கியம் தேத்தண்ணீர் புரைக்கேறிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போது என் மகளுக்குப் பதினேழு வயது. அந்த வருடம் அந்த வயதுப் பிள்ளை இருந்த வீடுகளில் யாரும் சத்தமாகக் கதைத்ததில்லை. யார் எப்போது வந்து பிள்ளையைப் போருக்குக் கேட்பார்கள் என்ற பயத்தில் எனக்கு நெஞ்சு காய்ந்து கிடந்தது. அட்டனில் தோட்டத்தில் இருக்கும் என் தம்பியிடம் அவளை அனுப்பிவிட வேண்டும், திரும்பி வரவிடக் கூடாது என்று நானும் வீட்டுக்காரரும் முடிவெடுத்தோம். காதில் சீழ் வடிகிறது, வவுனியா ஆசுப்பத்திரியில் காட்ட வேண்டும் என்று காரணம் தயார் செய்தோம். விசயம் எங்கள் மூவரைத் தவிர எவருக்கும் தெரியக் கூடாது. உங்களுக்கு மட்டும் தெரியவே கூடாது என்று நினைத்தேன். அதனால் புதன்கிழமைகளில் மிகக் கவனமாக எழுதினேன். ஆட்டைப் பற்றி, கிணற்றைப் பற்றி, கூரை ஒழுகியதைப் பற்றி எழுதினேன். மகள் என்ற சொல் அதற்குப் பிறகு என் பேனையிலிருந்து வரவில்லை. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பாஸ் எடுக்கக் குடும்பத்துக்கு வெளியே ஒருவர் பிணை நிற்க வேண்டும். போனவர் குறித்த நாளில் திரும்பாவிட்டால் பிணை நின்றவர்தான் பதில் சொல்ல வேண்டும். தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்குத் தலையிடி, ஒருவருக்கு வெளியூர்ப் பயணம். அவர்களையும் குறை சொல்ல முடியாது. கடைசியில் பிணைக்கு ஆள் இல்லாமலே, கெஞ்சிப் பார்ப்போம் என்று மகளையும் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். வாங்குப் பலகையில் நீங்கள் இருந்தீர்கள், காலடியில் கருவாட்டுக் கடகம். என்னைக் கண்டதும் எழுந்து மேசையடிக்கு வந்தீர்கள்.

"இந்தப் பிள்ளைக்கு நான் பிணை நிக்கிறன்."

எனக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. பிடிபட்டுவிட்டோம் என்றுதான் நினைத்தேன். கையெழுத்து வைத்து வெளியே வந்ததும், மகளை முன்னே நடக்கவிட்டு, உங்களை வேலியோரம் மறித்தேன்.

"உங்களுக்கு யாருக்கா சொன்னது?"

"நீதான். முதல் எழுதின கடதாசி எல்லாத்திலயும் மகள், மகள். மகள் தண்ணி அள்ளினது, மகள் பேன் பாத்தது, மகள் சட்டியை உடைச்சது. பிறகு பாத்தால் உன்ர வீட்டில மகள் எண்டு ஒருத்தியே இல்லை. ஆடு மட்டும் நிண்டு கத்துது. இல்லாததையும் வாசிக்கத்தானே வேணும்."

"அவ திரும்பி வர மாட்டாக்கா."

அந்த வார்த்தை எப்படி என் வாயிலிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"தெரியும். தெரிஞ்சபடியாத்தான் வந்து நிண்டனான்."

அப்போதும் நான் முழுதாக நம்பவில்லை. மகள் தாண்டிக்குளம் சோதனைச் சாவடியைத் தாண்டிவிட்டாள் என்ற சேதி வரும்வரை, யாரோ வந்து படலையைத் தட்டப் போகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். யாரும் தட்டவில்லை. குறித்த நாள் கழிந்தது. என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள், வைத்தியம் முடியவில்லை என்றேன். பிறகு உங்களைக் கூப்பிட்டார்கள். காலையில் போன நீங்கள் வெயில் சாய்ந்த பிறகுதான் வெளியே வந்தீர்கள். எதிரே வேம்பின் கீழ் நான் நின்றிருந்தேன்.

"என்ன சொன்னீங்கக்கா உள்ள?"

"இவ்வளவு நாள் கதை எழுதினவளுக்கு ஒரு கதை சொல்ல ஏலாதே? நட, பசிக்குது."

நீங்கள் அந்த வாங்கில் நாள்கணக்காகக் காத்திருந்து கேட்ட பாஸ் அதன் பிறகு உங்களுக்குக் கிடைக்கவில்லை. நீங்கள் அதைச் சொல்லவில்லை, பாக்கியம் சொல்லித்தான் தெரியும். வவுனியாவில் உங்கள் ஒரே தங்கைக்குக் கலியாணம் நடந்த வாரத்திலும் நீங்கள் இங்கேதான் இருந்தீர்கள். அந்தப் புதன்கிழமை வந்து, அந்தக் கலியாணத்துக்குப் போய் வந்த மாதிரி எழுதி வாசித்தீர்கள். தங்கையின் சேலை என்ன நிறம், மாப்பிள்ளைக்குச் சப்பாத்து எப்படிக் கடித்தது, பந்தியில் யார் யாருக்குப் பக்கத்தில் இருந்தார்கள், எல்லாம் இருந்தது. என்னைக் குத்துகிற சொல் ஒன்று எங்காவது வரும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். வரவில்லை. வாசித்து முடித்துத் தாளை அடுப்பில் வைத்தீர்கள். அன்று நான் தடியை எடுக்கவில்லை.

உங்களைச் சந்தேகப்பட்டதற்காக நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, அக்கா. அந்தச் சந்தேகம் இல்லாவிட்டால் எங்களைப் போன்றவர்கள் இத்தனை தூரம் பிழைத்து வந்திருக்க மாட்டார்கள். அது உங்களுக்கும் தெரியும். நீங்கள் என்மேல் ஒருநாளும் கோபிக்காததும் அதனால்தான் என்று நினைக்கிறேன். இந்த மாரியில் உங்களுக்குக் கடுமையான காய்ச்சல் என்று பாக்கியம் வந்து சொன்னபோதுகூட நான் முதலில் நம்பவில்லை. வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. மறுநாள் தொட்டபோது ஒரேயடியாகக் குளிர்ந்திருந்தது. உங்கள் பை மூலையில் கொழுவியபடி இருந்தது. இன்னும் நிறையச் சண்டை போட வேண்டியிருந்தது உங்களோடு.

இப்போது புதன்கிழமைகளில் நான்தான் தாள் கொடுக்கிறேன். போன வாரம் புதிதாக ஒருத்தியைக் கூப்பிடப் போனேன், பளையிலிருந்து இடம்பெயர்ந்தவள். தன் படலையடியில் நின்றபடியே, "உங்களை ஆர் அனுப்பினது?" என்று கேட்டாள். "யாரும் அனுப்பலைங்க, சும்மா இருக்க முடியாம வந்தேன்" என்றேன். அவள் நம்பவில்லை. ஆனாலும் புதன்கிழமை வந்து, தாளில் 'கனம் ஐயா' என்று எழுதினாள். தேத்தண்ணீர் கொதிக்கும்போது மெல்ல அடுப்படிக்கு வந்து நின்று எட்டிப் பார்த்தாள். தடியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

இந்தத் தாளையும் வருகிற புதன்கிழமை வாசித்துவிட்டு அடுப்பில் வைப்பேன். இவ்வளவு எழுதியும் மகளின் பெயர் ஓரிடத்திலும் வரவில்லை. நீங்கள் அதைக் கண்டிருப்பீர்கள். பயம் இன்னும் விட்டுப் போகவில்லை, அக்கா. ஆனாலும் உங்களுக்கு எழுதுகிற கடதாசியில் அவள் இல்லாமல் இருக்கக் கூடாது.

செல்வி. அட்டனில் இருக்கிறாள். சுகமாக இருக்கிறாள். காதும் நன்றாகக் கேட்கிறது.