மாட்டுக்காகக் கத்தினேன்

10 மார்ச் 1974, ஞாயிறு

டண்டினொங் ஊரைத் தாண்டி ஒரு மைதானத்தில் இன்று ரோடியோ. துள்ளும் மாட்டின் முதுகில் விழாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். என் வகுப்புத் தோழன் பீட்டரும் ஏறினான். அவன்தான் என்னையும் அறைத்தோழர் சிவநேசனையும் தன் காரில் கூட்டிப்போனான். முன்வரிசையில் அவன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

கதவு திறந்ததும் அந்தச் செவலை துள்ளிய துள்ளலில் பீட்டர் தூரப்போய் விழுந்தான். நான் பெஞ்சின் மேல் ஏறி விசிலடித்து, "மாடு ஜெயிச்சிருச்சுடா!" என்று கத்தினேன். எங்கள் ஊர் மஞ்சுவிரட்டில் பிடிபடாத மாட்டுக்குத்தான் ஆரவாரம். சுழற்றுவதற்குக் கை தானாகத் தோளில் துண்டைத் தேடியது. இங்கே வெள்ளைக்காரர்கள் எல்லோரும் விழுந்தவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிவநேசன் சட்டையைப் பிடித்து இழுத்தார். "இரும் ஐசே, அவன் எழும்பேல்லை."

ஆம்புலன்ஸ் வந்தது. இடுப்பெலும்பு என்றார்கள். நடப்பானா என்று யாரும் சொல்லவில்லை. அதில் ஏறப்போன அவன் அம்மா திரும்பி என்னிடம் வந்தார். திட்டட்டும் என்று நின்றேன். "பீட்டர் இல்லாமல் எப்படி வீட்டுக்குப் போவீர்கள்?" என்று கேட்டார். தெரிந்த ஒருவரின் வண்டியில் எங்களை ஏற்றச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

"நீர் வேணுமெண்டு செய்யேல்லைத்தானே," என்றார் சிவநேசன், வரும் வழியெல்லாம். உண்மைதான். ஆனால் அந்த நொடியில், விழுந்தவன் பீட்டர் என்பதே எனக்கு நினைவில் இல்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

நாளை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்த அம்மா எனக்கு நாற்காலி இழுத்துப் போடுவார். அதுதான் பயமாக இருக்கிறது.