அர்த்தெமியோ வாங்கிய ஹீட்டர்

ரியோ காயேகோஸ்,
மே மாதம், வியாழக்கிழமை.

என் ஞானமகள் மிர்தாவுக்கு, உன் ஞானத்தகப்பன் பாவ்தீலியோ ஓயார்சோ சொல்லி எழுதுவித்தது. நீயும் உன் வீட்டுக்காரரும், கைக்குழந்தையோடு வந்து சேரப்போகும் உன் மகளும் சுகமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

எதிர்க்கடலில் கிடக்கும் மால்வினாஸ் தீவுகளுக்காக இந்த நாடு இங்கிலாந்துக்காரர்களோடு சண்டை போட்டதே, அந்த ஆண்டு. அதே ஆண்டு மார்ச் மாதம் காற்று கல்லறைத் தோட்டத்தின் தென்மதிலைப் படுக்க வைத்தது. ஆடுகளுக்குச் சொறி வந்து, கம்பளி வாங்க ஆள் வரவில்லை. நம் தெருவுக்கு கேஸ் குழாய் வந்து அதுதான் முதல் குளிர்காலம். உனக்கு ஆறு வயது, உன் தம்பி ரமிரோவுக்கு எட்டு மாதம். நீ கேட்டதற்குப் பதில் அந்த ஆண்டில் கிடப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உன் கடிதத்தை மருந்துக்கடை எல்வீரா அம்மாள் மூன்று முறை படித்துக் காட்டினார். இதையும் அவரேதான் எழுதுகிறார். புந்தா அரேனாஸில் நீங்கள் வாங்கிய வீட்டுக்கு கேஸ் ஹீட்டர் வைக்க வேண்டும் என்றும், கடையில் நான்கு வகை காட்டுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். "என் அப்பா வாங்கியது எது என்று சொல்லுங்கள், அதை மட்டும் வாங்காமல் இருக்க" என்று கேட்டிருக்கிறாய். அந்த வரியை மட்டும் எல்வீரா அம்மாள் மெதுவாகப் படித்தார்.

உன் அப்பா அர்த்தெமியோ அதை வாங்கிய அன்று நானும் கடைக்குப் போயிருந்தேன். நீ என் தோளில் இருந்தாய். கடைக்காரர் மூன்று வகை வைத்திருந்தார். முதலாவதற்குப் புகைக்குழாயே கிடையாது, தகடு சிவந்து கனலும், விலையும் பாதிதான். உன் அம்மா நெல்டாவுக்கு அதன்மேல் கண். "ஏங்க, இதுல ஒரு துளி சூடுகூட வெளிய போகாதாம். குழாய் வெச்சதுல பாதிச் சூடு தெருவுக்குப் போயிடும். போற வர ஆட்டுக்கெல்லாம் குளிர் காயவா நாம கேஸ் வாங்கறோம்?" என்றாள். கடைக்காரரே சிரித்துவிட்டார். உன் அப்பா சிரிக்கவில்லை. "சூடு போனாப் போகட்டும் நெல்டா, அதோட சேந்து கெட்ட காத்தும் போகுமில்ல. புள்ளைங்க தூங்கற வீடு" என்றான்.

மூன்றாவது, மூடிய பெட்டி. சுவர் வழியாகத் தெருக்காற்றை இழுத்துத் தெருவுக்கே திருப்பி விடும். அதுதான் உசத்தி. ஆனால் உங்கள் வீட்டில் அதை மாட்டத் தோதான சுவர் மேற்குப் பார்த்தது. "உங்க தெரு மேக்குக் காத்துக்கு நெருப்பு நிக்காதுப்பா, நாளுக்குப் பத்துத் தடவ குனிஞ்சு பத்த வெக்கணும்" என்று கடைக்காரர் சொன்னார். அதனால் நடுவில் இருந்ததை எடுத்தான். கூரைக்கு மேலே குழாய் ஏறும் வகை. மலிவானதை அவன் வாங்கவில்லை, மகளே. சிலியில், காஸ்த்ரோவில் உன் பெரியம்மா வீட்டில் உனக்குச் சொல்லி வளர்த்தது பொய். சொன்னவர்களுக்கு அது பொய்யென்று தெரியாது.

குழாயை நாங்கள் இருவரும்தான் ஏற்றினோம். அந்த வகை ஹீட்டர் அறையின் காற்றை எடுத்து எரியும். அதனால் சுவரின் அடியில், தெருப்பக்கம், கையகலத்துக்கு ஒரு காற்றுத் துவாரம் வெட்டிக் கம்பித்தகடு பொருத்தினான். கால் விறைக்கிறது என்று உன் அம்மா தினமும் அதைத் திட்டுவாள். "எதை வேணா திட்டு, அதை மட்டும் அடைக்காதே, கெட்ட காத்து உள்ளயே தங்கிடும்" என்பான்.

ஏப்ரலில் சண்டை வந்தது. பொழுது சாய்ந்தால் ஊர் முழுக்க இருட்டடிப்பு. சன்னலுக்குக் கறுப்புத்தாள் ஒட்டி, அதன்மேல் போர்வை அடித்தோம். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பொறுப்பாளர் போட்டார்கள். நம் தெருவுக்கு லுசேரோ, வடக்கேயிருந்து வந்தவர். வெளிச்சம் கசிந்த வீட்டுக் கதவைத் தடியால் தட்டுவார். எல்லோருக்கும் ஒரு தட்டு என்றால் சிலியிலிருந்து வந்த நமக்கு மூன்று தட்டு. சிலிக்காரன் இங்கிலாந்துக்கு வேவு பார்க்கிறான் என்று ஊரில் பேச்சு. ரொட்டிக்கடைக்குள் நான் நுழைந்தால் வரிசை வாயை மூடிக்கொள்ளும். இந்த நாட்டில் தங்குவதற்கான குடியிருப்புப் பத்திரமும் உன் அப்பாவுக்கு அப்போது கைக்கு வரவில்லை.

மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. உன் அப்பா நிலக்கரி ஏற்றும் துறைமுகத்தில் இரவு வேலைக்குப் போய்விட்டான். லுசேரோ என் வீட்டுக்கு வந்தார். "ஓயார்சோ, உன் ஊர்க்காரன் வீட்டுல தரையோட ஒரு கோடு வெளிச்சம் தெரியுது. யாருக்குய்யா சைகை காட்டறான்? இன்னொரு தடவ பாத்தா நான் வரமாட்டேன், பட்டாளத்துக்காரன்தான் வருவான்" என்றார்.

நான் ஓடினேன். வெளிச்சம் அந்தக் காற்றுத் துவாரத்திலிருந்துதான் வந்தது. ஒரு கம்பளிச் சாக்கைச் சுருட்டி வெளியிலிருந்து அதில் திணித்தேன். காற்று பிடுங்காமலிருக்க ஒரு கல்லை அண்டக் கொடுத்தேன்.

எல்வீரா அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எழுதுங்கள் அம்மா என்று சொல்லியிருக்கிறேன்.

சத்தம் கேட்டு உன் அம்மா ரமிரோவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "அண்ணே, அதை அடைக்கக் கூடாதுன்னு அவரு சொல்லியிருக்காரே" என்றாள். "ஒரு ராத்திரிதானேம்மா, விடிஞ்சதும் எடுத்துடறேன்" என்றேன். "சரி, இன்னிக்காவது என் காலு வெதுவெதுன்னு இருக்கட்டும். அவருகிட்ட சொல்லிடாதீங்க" என்று சிரித்தாள். அறை விளக்கை அணைக்கச் சொல்லியிருந்தாலே போதும். ரமிரோவுக்குப் பல் முளைக்கிற காய்ச்சல், விளக்கு வேண்டியிருந்தது. ஆனாலும் சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை.

என் மனைவி ஒத்தீலியா அன்று உருளைக்கிழங்கு துருவி மில்காவ் சுட்டுக்கொண்டிருந்தாள். உனக்கு அது பிடிக்குமே என்று சொல்லி, என் வீட்டுக்குக் கூட்டிப்போக உன்னைத் தூக்கிக்கொண்டேன். "தூங்கிட்டா எழுப்பாதீங்க அண்ணே, அங்கேயே கிடக்கட்டும். சட்டியை மட்டும் ஒளிச்சு வைங்க, பன்னிக்கொழுப்பு வாசம் பட்டா சட்டியையும் சேத்துத் தின்னுடுவா" என்றாள் உன் அம்மா. அவள் பேசியதில் கடைசியாக நான் கேட்டது அதுதான்.

விடிந்ததும் போனேன். சொன்ன வாக்குப்படி முதலில் சாக்கைத்தான் எடுத்தேன். பிறகு கதவைத் தட்டினேன். பிறகு உடைத்தேன். அவர்கள் தூங்குகிறவர்கள் மாதிரிதான் இருந்தார்கள், மகளே. கன்னம்கூடச் சிவந்திருந்தது. வலித்திருக்காது என்று மருத்துவர் சொன்னார். அதை இன்றைக்கும் நம்புகிறேன், நீயும் நம்பு.

அந்தச் சாக்கை என் வீட்டு அடுப்பில் போட்டு எரித்தேன். ஒத்தீலியா பார்த்தாள். கேட்கவில்லை, சாகிற வரை கேட்கவில்லை.

கேஸ் சோதனையாளர் வந்தார். துவாரம் திறந்திருந்தது. குழாயின் முழங்கை வளைவில் இணைப்பு லேசாக ஆடியது. வீட்டுக்காரன் தானே மாட்டியதால் வந்த கோளாறு என்று எழுதிவிட்டுப் போனார். காஸ்த்ரோவிலிருந்து வந்த உன் பெரியம்மா, இரண்டு சவப்பெட்டிகளுக்கும் முன்னால் நின்று உன் அப்பாவின் சட்டையைப் பிடித்தாள். "கஞ்சப் பயலே, மலிவாப் பாத்து வாங்கி என் தங்கச்சியக் கொன்னுட்டியேடா!" என்றாள். கடையில் என்ன நடந்தது என்று அவன் சொல்லியிருக்கலாம். "ஆமாக்கா" என்றான். அவ்வளவுதான். நான் அவன் பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அதே வாரம் அவள் உன்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அவன் தடுக்கவில்லை. தன் கைபட்ட வீட்டில் நீ தூங்கக் கூடாது என்று நினைத்தான்.

முதலில் பயத்தில் வாயை மூடினேன். சண்டை முடிந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். முடிந்தது. பிறகு அவன் கொஞ்சம் தேறட்டும் என்றிருந்தேன். அவன் தேறவே இல்லை. இருபத்திரண்டு குளிர்காலம் அந்த வீட்டில் நெருப்பே மூட்டாமல் இருந்தான். கோட்டோடு சாப்பிட்டான், கோட்டோடு தூங்கினான். ஒவ்வொரு மே மாதமும் என்னிடம் வந்து ஒரே கேள்விதான் கேட்பான். "அண்ணே, அந்த முழங்கை இணைப்ப நாம ரெண்டு தடவ இறுக்கினோமே, இல்ல?" என்பான். நான் என்ன சொல்வேன் தெரியுமா? "ஞாபகம் இல்லப்பா" என்பேன். எந்த ஆண்டு எந்தக் கிடையில் எத்தனை ஆடு கத்தரித்தேன் என்று இன்றும் சொல்கிற நான். இரண்டு தடவைதான் இறுக்கினோம். இரண்டாவது தடவை முறுக்கியது அவன்தான், பல்லைக் கடித்துக்கொண்டு. இணைப்பு ஆடியது பின்னால், சோதனையாளர் வருவதற்கு முன், உதவிக்கு ஓடிவந்த ஆட்கள் ஹீட்டரை அசைத்து இழுத்தபோது.

நெஞ்சில் சளி கட்டி அவன் இறந்துபோன அந்தக் குளிர்காலத்தில் உனக்குத் தந்தி கொடுத்தோம். நீ வரவில்லை. உனக்குச் சொல்லப்பட்டதை வைத்துப் பார்த்தால் நீ செய்தது சரி. தப்பு உன்னுடையது இல்லை.

இப்போது ஹீட்டர். குழாய் இல்லாததை வீட்டுக்குள் விடாதே, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும். காற்று அதிகம் அடிக்காத சுவர் இருந்தால் மூடிய பெட்டியை வாங்கு, குழந்தை படுக்கிற அறைக்கு அதுதான் சரி. அப்படிச் சுவர் இல்லையென்றால் உன் அப்பா வாங்கியதையே வாங்கு. உரிமம் வைத்திருந்து, செய்த வேலைக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுகிற ஆளை வைத்து மாட்டு. காற்றுத் துவாரத்தை யார் வந்து அடைக்கச் சொன்னாலும் அடைக்காதே. யார் வந்தாலும். ஒரு ராத்திரிதானே என்று சொன்னாலும்.

கால் வீக்கம் இன்னும் வடியவில்லை, பனி இந்த ஆண்டு சீக்கிரமே விழுந்துவிட்டது. பேருந்து ஓடும் நாளாகப் பார்த்து ஒரு முறை இங்கே வந்துவிட்டுப் போ, மகளே. என்னைப் பார்க்க வேண்டாம், என் வாசலைத் தாண்டியே போகலாம். உன் அப்பன் கல்லறைத் தோட்டத்தில், புதிதாகக் கட்டிய தென்மதில் பக்கம் மூன்றாவது வரிசையில் இருக்கிறான். அவன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போதும்.

உன் கூரையின் கீழே படுக்கிறவர்கள் எல்லோரும் காலையில் எழுந்திருக்கட்டும் என்று கடவுளிடம் கேட்கிறேன். வேறு எதையும் கேட்க எனக்கு வாயில்லை.

கீழே இருப்பது என் பெருவிரல் ரேகை. லுசேரோ போய்விட்டார், அந்தச் சோதனையாளரும் உன் பெரியம்மாவும் ஒத்தீலியாவும் போய்விட்டார்கள். எனக்கு எண்பத்தொன்பது, என்னை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம். அந்த வீட்டில் நாலு பேர் இருந்தார்கள். நெல்டா, ரமிரோ, பிறகு அர்த்தெமியோ போனார்கள். மீந்திருப்பது ஒருத்தி, கோயிலில் உனக்குத் தண்ணீர் ஊற்றியபோது பாதிரியார் கேட்க, நான் உரக்கச் சொன்ன பெயர்: மிர்தா எலேனா பர்ரியா.