வாய் திறந்த குடம்

ஜெலுத்தோங்,
8 மே 1988

அன்புள்ள நவமணிக்கு,

நானும் தோட்டத்தில் உன் ஜாதிக்காய் மரங்களும் சுகம். உன் முதுகுதான் எப்படி இருக்கிறதென்று தெரியவில்லை. அடுத்த கடிதத்தில் அதை முதலில் எழுது.

நடக்க முடியாதவளுக்கு மலை எதற்கு, பாலிக் புலாவ் தோட்டத்தை விற்றுவிடுங்கள், நான் கோலாலம்பூரில் அக்காவோடு இருந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். உன் அக்கா வீட்டுக்கு லிஃப்ட் இருக்கிறது. மலைமேல் இருக்கும் நம் வீட்டுக்கு ஒழுங்கான ரோடுகூட இல்லை. உன் முதுகு குலுங்கவே கூடாது என்று டாக்டர் சொன்னதையும் நான் மறக்கவில்லை. ஆனாலும் படித்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்தில் பதில் எழுதக் கூடாதென்று நம் பழைய ஜீப்பை இங்கே பட்டறைக்குக் கொண்டுவந்து பிரித்துப் போட்டேன்.

ஆளைத் தூக்கித் தூக்கிப் போடுவது அந்தப் பட்டை ஸ்பிரிங்தான். அதைக் கழற்றி எறிந்தாயிற்று. இப்போது பின் சக்கரங்களைத் தாங்கும் எக்ஸலை நான்கு இரும்புத் தண்டுகள் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்ளும். அவற்றுக்கு லிங்க் என்று பெயர். மேலே உள்ள சுருள் ஸ்பிரிங் குலுக்கலை வாங்கிக்கொள்ளும். தண்டின் முனையில் திருகு இருக்கிறது, சுற்றினால் தண்டு நீளும், குறையும். எல்லாம் நானும் பட்டறைச் சுப்பையாவும் அறுத்து வெல்டிங் அடித்தது. நீ காலை நீட்டிப் படுத்து வரப் பின்னால் ஒரு மெத்தையும் போட்டிருக்கிறேன்.

ஓட்டிப் பார்க்க உன் பால்குடத்தை எடுத்தேன், கோபித்துக்கொள்ளாதே. தைப்பூசத்துக்கு நீ தண்ணீர்மலைக்குச் சுமந்து போகும் அதே குடம். தண்ணீர் நிரப்பி, நீ செய்வதுபோலவே வாழையிலை வைத்து, மஞ்சள் துணியால் வாயை இறுகக் கட்டி, மெத்தையில் நிறுத்தினேன். விடிந்தும் பனி விலகவில்லை. நீ உள்ளே தூங்குகிறாய் என்று நினைத்துக்கொண்டே மெதுவாக மலை ஏறினேன். மேலே போய்ப் பார்த்தால் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. இனி நீ தைரியமாக வரலாம்.

உன்,
நல்லமுத்து


பாலிக் புலாவ்,
5 ஜூன் 1988

அன்புள்ள நவமணிக்கு,

உன் பதில் ஒரே வரி. குடத்தின் வாயைக் கட்டிவிட்டுச் சிந்தவில்லை என்று எழுதுகிறீர்களே, புத்தி இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். சுப்பையாவிடம் காட்டினேன். அவன் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தான். பால்குடம் என்றால் வாயைக் கட்டத்தானே வேண்டும்? கை தானாகக் கட்டிவிட்டது, நான் என்ன செய்ய.

உன் அக்காவும் தனியாக எழுதியிருந்தார். தோட்டத்தில் வழுக்கி விழுந்த நாளிலிருந்து, என் கடிதத்தைப் படித்தபோதுதான் நீ முதல்முறை சிரித்தாயாம். நான் முட்டாளானது வீண்போகவில்லை.

மறுநாளே கழுத்தளவு தண்ணீர் விட்டு, வாயைத் திறந்தே வைத்து ஏறினேன். பாதிக் குடம் மெத்தையில். அதுவும் எப்போதும் இடது பக்கமே சிந்தியது. அப்புறம் கவனித்தால், ஜீப் நேராகவே போகவில்லை, நண்டு மாதிரி ஒருக்களித்துப் போகிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் பின்பக்கம் ஒரு பக்கமாக விலகியது. உன்னை இதிலா ஏற்றுவேன் என்று உடனே ஜீப்பைப் பட்டறைக்குத் திருப்பினேன்.

டேப் பிடித்தால் லிங்க் இரண்டு பக்கமும் ஒரே அளவுதான். ஆனால் நான் அளவு பிடித்த இடமே கோணல். நமக்கு முன்னால் ஜீப்பை வைத்திருந்தவன் எதிலோ மோதி, இடது பக்கத்தை நிமிர்த்தி ஒட்டவைத்திருக்கிறான். பிறகு அடிச்சட்டமான சேசிஸிலிருந்தும் எக்ஸலிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டு, சிமெண்டுத் தரையில் சாக்பீஸ் புள்ளி வைத்தோம். ஜீப்பை நகர்த்திவிட்டு மூலைக்கு மூலை அளந்தால், ஒரு கோடு மற்றதைவிடச் சுண்டு விரல் அகலம் கூடுதல். தரையில் கிடந்த அந்தப் புள்ளிகளைப் பார்த்தபோது, நீ கோலம் போட ஆரம்பித்துவிட்டு அடுப்பைப் பார்க்க உள்ளே போயிருக்கிறாய் என்று தோன்றியது. காலால் அழித்துவிடாமல் சுற்றிப் போய்த்தான் ஸ்பேனரை எடுத்தேன்.

லிங்க்கைக் கொஞ்சங்கொஞ்சமாகத் திருகி, இரண்டு கோடும் ஒன்றாகும்வரை அளந்து, நட்டை இறுக்கினோம். நேற்றுக் காலை அடிவாரத்து வீட்டு ஹபீபா பீவி, நான் படுத்துப் பார்க்கிறேன் என்று தானே வந்து மெத்தையில் சாய்ந்துகொண்டது. திறந்த குடம் அதன் மடியில். ஓடையைத் தாண்டினேன், வேர் மேடெல்லாம் ஏறினேன், பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பயந்துபோய் நிறுத்திக் கூப்பிட்டேன்.

“தூக்கம் வருதுலா அண்ணே, ஏன் நிப்பாட்டுறீங்க?” என்றது.

குடத்தில் தண்ணீர் அப்படியே இருந்தது.

ஹபீபாவை இறக்கிவிட்ட பிறகு நானும் கொஞ்சம் படுத்துப் பார்த்தேன். அங்கிருந்து ரோடு தெரியாது நவமணி, மரம்தான் தெரியும். டுரியான் இலையின் அடிப்பக்கம் பொன் நிறம். இத்தனை வருஷம் இதே மலையில் இருந்தும் நான் மேலே பார்த்ததில்லை. காற்று வந்தால் மேலே எல்லாமே மினுங்குகிறது. நீ அதைப் பார்த்துக்கொண்டே வருவாய்.

டாக்டர் சரி என்று சொல்லும் தேதியை எழுது. ரயிலில் படுத்தபடி பட்டர்வொர்த் வரை வரலாம், நான் வந்து அழைத்துவருகிறேன். அங்கிருந்து தீவுக்குப் பாலம் வழியாக வேண்டாம், ஃபெர்ரியில் கடல் பார்த்து வருவோம். இந்தப் பக்கத்து ஜெட்டியில், படகுத் துறையில், சுப்பையா ஜீப்போடு நிற்பான். முதல் டுரியான் பழங்கள் விழத் தொடங்கிவிட்டன. தோட்டத்தை விற்பதைப் பற்றி நீ இங்கே வந்து உட்கார்ந்து சொல், அப்போது கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்றுதான் பாக்கி. நம் வாசல் கல்படியில் ஜீப் ஏறாது. அந்தக் கொஞ்சத் தூரத்துக்கு லிங்க்கும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை, என் இரண்டு கைதான். தினமும் குடத்தை ஏந்திக்கொண்டு ஏறிப் பழகுகிறேன். இன்று காலையும் ஏறினேன், வாயைக் கட்டாமல்தான்.

நடந்து வா என்று நான் கேட்கவில்லை. வா.

தண்ணீர்மலையான் உனக்குத் துணையிருக்கட்டும்.

உன்,
நல்லமுத்து