மண் தெரியும் ஷூ

வேப்பம்பட்டு
12.01.2025

அன்புள்ள ஏஞ்சல் அப்பாவுக்கு,

போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே சண்டை வருகிறது. அதனால் எழுதுகிறேன். அம்மா வீட்டில் நானும் மகள் ஏஞ்சலும் சுகம். நீங்கள் அங்கே கம்பெனி பக்கத்தில் தனியறையில் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?

"பொம்பள ரோட்ல ஓடுனா ஊரே சிரிக்கும்" என்றீர்கள். இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறேன். ஷூதான் மாறிவிட்டது. கூட வேலை செய்யும் ரம்யா கொடுத்தாள். சோல் அவ்வளவு மெலிசு, சுருட்டிக் கைப்பையில் வைக்கலாம். "இன்னாடி, இதுல ஓட முடியுமா?" என்று சிரித்தேன். ஏரிக்கரையில் ஓடிப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஈர மண், காய்ந்த மண், புல், கூழாங்கல் எல்லாம் காலுக்குத் தெரிகிறது! குதிகாலை அடித்து ஓடியவள், தானாகவே முன்பாதத்தில் மெத்தென்று இறங்குகிறேன். முட்டிவலி குறைந்திருக்கிறது. நாற்பது வயதில் இப்போதுதான் கால் முளைத்த மாதிரி இருக்கிறது.

சுகிர்தா


தேர்வாய் கண்டிகை
20.01.2025

அன்புள்ள சுகிர்தா,

கேன்டீன் சாப்பாட்டுக்குக் குறையில்லை. உப்புதான் தூக்கல்.

நாள் முழுக்க இரும்பு வைத்த ஷூவில் நிற்கிறவன் நான். நீ எழுதியதைப் படித்துப் பயந்துவிட்டேன். கம்பெனி நர்ஸிடம் கேட்டேன். "முட்டிக்கு பாரம் கொறையும் அண்ணே. ஆனா கெண்டக்கால்லயும் பாதத்துலயும் போய் ஏறும். மொதல்ல நடக்கச் சொல்லுங்க, அப்பால கொஞ்சங்கொஞ்சமா ஓடட்டும். அவசரப்பட்டா எலும்பு விரிசல் வுட்டுக்கும்" என்றார். நான் சொன்னால் கேட்கமாட்டாய். அந்தம்மா சொன்னதையாவது கேள். கண்ணாடித் துண்டு கிடக்கும், பார்த்து ஓடு.

மோசஸ்


வேப்பம்பட்டு
16.02.2025

அன்புள்ள ஏஞ்சல் அப்பாவுக்கு,

கேட்கவில்லை. சந்தோஷத்தில் பழைய தூரத்தையே ஓடினேன். பாதம் வலித்தது, வலியோடும் ஓடினேன். புதன்கிழமை ரயிலிலிருந்து இறங்கியபோது காலை ஊன்ற முடியவில்லை. பாத எலும்பில் கீறல்.

டாக்டர் படத்தைக் காட்டினார். ஒரு பாதத்துக்குள் இருபத்தாறு எலும்பாம்! "இத்தினி வருஷமா மெத்த ஷூவுக்குள்ள தூங்கினு இருந்துச்சிம்மா. திடீர்னு எழுப்பி மூட்ட தூக்கச் சொன்னா இன்னா பண்ணும்?" என்றார். கீறல் தானாகவே கூடிவிடுமாம். நான் தூங்கும்போதும் எலும்பு தன்னைத் தைத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

ஓட்டத்தை விடமாட்டேன். "அப்பவே சொன்னேன்" என்று மட்டும் எழுதாதீர்கள்.

சுகிர்தா


தேர்வாய் கண்டிகை
08.06.2025

அன்புள்ள சுகிர்தா,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. என்ன எழுதினாலும் அந்த வார்த்தையில்தான் போய் முடிந்தது.

கால் தேறி நீ மறுபடி அதே ஷூவில் ஓடுவதாக ஏஞ்சல் சொன்னாள். தடுக்கத்தான் இன்று விடியற்காலையில் பஸ் பிடித்து வந்தேன். ஏரிக்கரையில் வேலமரத்துக்குப் பின்னால் நின்றேன். கொஞ்சம் நடந்தாய், கொஞ்சம் ஓடினாய், மறுபடி நடந்தாய். காலிடம் கேட்டுக் கேட்டு ஓடுகிறவள் மாதிரி இருந்தாய். பிறகு என் பக்கமாக ஓடி வந்தாய். சத்தமே இல்லை. தண்ணீர் ஓரத்தில் கொக்குகள் நின்றிருந்தன. கை நீட்டினால் தொடும் தூரத்தில் அவற்றைக் கடந்து போனாய். ஒன்றுகூடப் பறக்கவில்லை.

பதினைந்து வருடம் என்னோடு இருந்தவளா இது? கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பாய். அதனால் கூப்பிடவில்லை.

நீ வளைவில் மறைந்த பிறகு மரத்தை விட்டு வெளியே வந்தேன். இரண்டடிதான் வைத்தேன், அத்தனை கொக்கும் எழும்பிப் பறந்துவிட்டன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? மரத்துக்குப் பின்னால் இல்லை, நீ ஓடி முடிக்கிற இடத்தில் நிற்கிறேன்.

மோசஸ்